ஆறு முறை டேப் செய்த ஐந்து நிமிடம்

கேள்வி: எட்டு மாதமாக பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு (தரையில் கட்டிப் புரண்டு பூட்டும் நெரியும் போடும் கலை) பழகுகிறேன். வெள்ளை பெல்ட், எடை 66 கிலோ. எங்கள் வகுப்பில் என்னைவிட இரண்டு படி மேலே, ஒரு பர்ப்பிள் பெல்ட் அண்ணன் இருக்கிறார். ஐந்து நிமிட ரோலில் (பயிற்சி மோதலில்) ஆறு முறை டேப் செய்ய, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட, வைத்துவிடுகிறார். "அடி வாங்கினால்தான் வரும்" என்கிறார்கள். வாங்குகிறேன், எதுவும் வரவில்லை. அவரோடு ரோல் செய்வதைத் தவிர்க்கலாமா? இல்லை, மொத்தமாகவே விட்டுவிடலாமா?

பதில்:

விட வேண்டாம். ஆனால் "அடி வாங்கினால்தான் வரும்" என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். பயிற்சிப் பாயில் அந்தப் பழமொழி பாதிதான் உண்மை. எட்டு மாதம் ஒரே மாதிரி நசுங்கினால் நசுங்குவது பழகிப்போகும், அவ்வளவுதான். நானும் முதல் ஒன்றரை வருடத்தை அப்படித்தான் வீணடித்தேன்.

இந்தக் கலையின் வேரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1877-இல், பதினேழு வயதுப் பையனாக, டோக்கியோவில் ஃபுகுடா என்ற ஆசிரியரிடம் ஜுஜுட்சு கற்கச் சேர்ந்தார். ஒரு நாள் ஆசிரியர் தூக்கிப் போட்ட விதம் புரியாமல், "கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது?" என்று கேட்டார். ஆசிரியர் விளக்கவில்லை. இங்கே வா என்று கூப்பிட்டு மறுபடியும் தூக்கிப் போட்டார். மறுபடி கேட்டதற்கு மறுபடி ஒரு வீச்சு. பழகப் பழகத் தானாக வரும் என்பதுதான் கடைசியில் கிடைத்த பதில். உங்கள் வகுப்பில் சொல்கிற அதே வசனம்!

கானோ அதோடு நிற்கவில்லை. அதே பள்ளியில் ஃபுகுஷிமா என்றொரு மூத்த மாணவர் இருந்தார், கனத்த உடம்பு. கானோவோ குள்ளம், ஒல்லி. எத்தனை முறை மோதினாலும் தோல்விதான். கானோ என்ன செய்தார்? சுமோ தெரிந்த ஒருவரிடம் போய்ச் சில பிடிகளைக் கற்று முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு மேற்கத்திய மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, ஆளைத் தோளுக்குக் குறுக்கே ஏற்றிக் கவிழ்க்கும் ஒரு வீச்சைக் கண்டுபிடித்தார். அதைப் பழகிக்கொண்டு வந்து ஃபுகுஷிமாவைத் தூக்கிப் போட்டார். ஜூடோவில் இன்றைக்கும் அது 'கதா குருமா' என்ற பெயரில் இருக்கிறது. தோள் சக்கரம் என்று பொருள். 1882-இல் கானோ கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அங்கே உருவான மிட்சுயோ மயெதா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி வழியாக வந்ததுதான் நீங்களும் நானும் பழகுவது.

ஃபுகுஷிமா போட்ட அடி எல்லாருக்கும் பொதுவாக விழுந்திருக்கும். அதைக் கேள்வியாக மாற்றி வெளியே கொண்டுபோனவர் கானோ. உங்கள் பர்ப்பிள் பெல்ட் அண்ணன்தான் உங்கள் ஃபுகுஷிமா. அவரைத் தவிர்க்க வேண்டாம். ரோலை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறீர்களே, அங்கேதான் கோளாறு.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆறு டேப் என்றால் ஆறு தவறு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒரே தவறுதான் ஆறு முறை நடந்திருக்கும். அதை எப்படித் தோண்டி எடுப்பது என்று என் பழைய ரோல் ஒன்றை வைத்தே காட்டுகிறேன்.

அமெரிக்கானா என்ற தோள் பூட்டில் டேப் செய்தேன். சைட் கன்ட்ரோலில் என்மேல் குறுக்கே படுத்திருந்தவர் என் கையை எல் வடிவத்தில் மடக்கித் தோளைத் திருகிவிட்டார். வெள்ளை பெல்ட்டாக அன்று என் மனதில் பதிந்தது, "அமெரிக்கானாவுக்குத் தப்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பதுதான். வீட்டுக்குப் போய் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அடுத்த வாரம் டேப் செய்தது, கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பாரில், அதற்கடுத்த வாரம் கழுத்து நெரியில்.

இப்போது அதே ரோலைப் பின்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள். கை ஏன் அவருக்குக் கிடைத்தது? அவர் மார்பை உள்ளங்கையால் தள்ளினேன், முழங்கை விலாவை விட்டு எழும்பிவிட்டது. ஏன் தள்ளினேன்? மல்லாந்து தட்டையாகக் கிடந்தேன், வேறு வழி தெரியவில்லை. ஏன் பக்கவாட்டில் திரும்ப முடியவில்லை? அவருடைய தோள் என் தாடையை மறுபக்கம் திருப்பி அழுத்திக்கொண்டிருந்தது. முகம் ஒரு பக்கம் போனால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பாது. அதோடு என் அக்குளுக்கடியில் அவர் கை நுழைந்திருந்தது. எப்போது நுழைந்தது? என் கார்டை, அதாவது கீழே கிடப்பவர் கால்களால் போடும் தடுப்பை, தாண்டி முழங்காலை என் தொடைமேல் வெட்டிக்கொண்டு வந்தபோது. அப்போது என் இரண்டு கையும் எங்கே இருந்தன? அவருடைய காலரைப் பிடித்து, பயத்தில், என்மேலேயே இழுத்துக்கொண்டிருந்தன! சரி, முழங்காலை வெட்ட இடம் எப்படிக் கிடைத்தது? ரோல் ஆரம்பித்த பத்தாவது விநாடியில் என் கால்சட்டையை முட்டிக்கருகில் கொத்தாகப் பிடித்தார். நான் அந்தப் பிடியை உதறவே இல்லை. அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அமெரிக்கானா அன்றைக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை. முட்டிப் பிடிதான் பிரச்சினை. அதை உதறாத வரைக்கும் முடிவில் அமெரிக்கானா வருமா ஆர்ம்பார் வருமா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. போட்டி விதிகளே இதைத்தான் சொல்கின்றன. ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் கணக்கில் கார்டைத் தாண்டினால் 3 புள்ளி, மேலே ஏறி உட்காரும் மவுன்ட்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் தலா 4. கழுத்தில் கை விழுவதற்கு முன்பே நாம் படிப்படியாகத் தோற்றுக்கொண்டு வருகிறோம். டேப் கடைசிப் படி. நமக்கு அது மட்டும்தான் வலிக்கிறது, அதனால் அது மட்டும்தான் ஞாபகம் நிற்கிறது.

இப்படிப் பின்னோக்கிப் போக ரோல் ஞாபகத்தில் இருக்க வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். புதியவர்களுக்கு ஐந்து நிமிடமும் ஒரே மூட்டம். இதற்கு நான் கண்ட நல்ல வழி, எதிராளியிடமே கேட்பது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றால், "ரிலாக்ஸ் பண்ணு தம்பி, ரொம்ப முறுக்கா இருக்கே" என்று பொதுவாக ஒன்று வரும். உண்மைதான், உபயோகம் இல்லை. "இன்னிக்கு உங்களுக்கு எது ரொம்ப சுலபமா கிடைச்சது? எந்த இடத்துல இனி இவன் அவ்வளவுதான்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். பர்ப்பிள் பெல்ட் என்றால் பல வருடம் பழகியவர். அந்த இடம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நான் கேட்ட எல்லாரும் சந்தோஷமாகச் சொன்னார்கள், ஒரே ஒருவர் தவிர. அவருக்கு அது தொழில் ரகசியம் போலிருக்கிறது.

கேட்டதை அன்றிரவே எழுதிவிடுங்கள். பெரிய டயரி வேண்டாம், இரண்டு வரி போதும்: எங்கே முடிந்தது, அதற்கு மூன்று படி முன்னால் என்ன நடந்தது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்ப்பீர்கள். என் நோட்டில் "வலது கையால் தள்ளினேன்" என்று வரிசையாக ஒன்பது பதிவு இருந்தது. படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்ததுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கண்டுபிடித்ததை அதே அண்ணனிடமே சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவர் வேகத்துக்கு உங்கள் புது வித்தை ஈடுகொடுக்காது. இரண்டு முறை முயன்று பலிக்காமல் பழைய பழக்கத்துக்கே ஓடிவிடுவீர்கள். உங்கள் எடையில், உங்கள் அளவு பழகியவரிடம் போய், "கார்டிலிருந்து ஆரம்பிக்கலாமா? நீ என் முட்டியைப் பிடி, நான் உதறப் பார்க்கிறேன், தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து" என்று கேளுங்கள். மூன்று நிமிடத்தில் ஒரே தருணம் பத்துப் பதினைந்து முறை வரும். முழு ரோலில் அது இரண்டு முறை வந்தால் அதிகம். கானோ ஃபுகுஷிமாவை எதிர்த்துப் புது வீச்சைப் பழகவில்லை, வேறெங்கோ பழகிக்கொண்டுதான் வந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களோடும் ரோல் செய்யுங்கள். பெரியவர்களிடம் தற்காப்பு வரும், தாக்குதல் வராது. கீழிருந்து ஆளைக் கவிழ்க்கும் ஸ்வீப்பும் கழுத்து நெரியும் உங்களைவிடக் குறைந்தவர்களிடம்தான் பிடிபடும். அவர்களை நசுக்காமல் செய்யுங்கள், அவ்வளவுதான் விண்ணப்பம்.

மூச்சைப் பற்றிச் சொல்லாமல் போனால் மேலே சொன்னது எல்லாம் வீண். நூறு கிலோ ஆள் மார்பில் ஏறினால் யாருக்கும் முதலில் மூச்சு நின்றுபோகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உதறுவோம், இருபது விநாடியில் கை கால் ஈயமாகிவிடும். பிறகு எந்த நுட்பம் தெரிந்தும் பயனில்லை. கார்லோஸின் தம்பி ஹீலியோ கிரேசியின் மகன் ரிக்சன், இந்தக் கலையின் ஆகச் சிறந்தவர்களில் ஒருவராகப் பலரும் சொல்பவர், பதின்ம வயதில் ஒரு பயிற்சியில் பெரிய ஆள் ஒருவரின் அடியில் சிக்கி மூச்சுமுட்டி டேப் செய்திருக்கிறார். பிடி அவரைத் தோற்கடிக்கவில்லை, பயம்தான் தோற்கடித்தது என்பது அவருக்கே தெரிந்தது. வீட்டில் தன்னைக் கம்பளத்துக்குள் வைத்துச் சுருட்டச் சொல்லி, அசைய முடியாமல் உள்ளே கிடந்து அந்தப் பயத்தைப் பழக்கினாராம். நீங்கள் கம்பளம் தேட வேண்டாம், வீட்டில் யாரும் இல்லாதபோது முயலவே வேண்டாம். அந்த அண்ணனிடமே, "சைட் கன்ட்ரோலில் ஒரு நிமிடம் சும்மா அழுத்திப் பிடியுங்கள், முடிக்க வேண்டாம்" என்று கேளுங்கள். நீங்களும் தப்பிக்கப் பார்க்காமல், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு மட்டும் கிடங்கள். முதல் தடவை அந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். நாலாவது ஐந்தாவது தடவையில் அவர் எடையைப் பக்கம் மாற்றும் கணம் உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும். இறால் போல இடுப்பைச் சுருட்டி வெளியே எடுக்கிறோமே, வார்ம்-அப்பில் அலுத்துக்கொண்டே செய்கிற அந்த ஷ்ரிம்ப், அதற்கான நேரம் அந்தக் கணம்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஆறு டேப் என்றால், ஒவ்வொரு டேப்புக்கும் பிறகு எழுந்து கைகுலுக்கி மறுபடி ஆரம்பிக்கிறீர்கள். மோசமான இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். தப்பிக்கப் பழக நேரமே இல்லை. அதனால்தான் "முடிக்காமல் பிடித்து வையுங்கள்" என்று கேட்கச் சொல்கிறேன்.

மாட்டிக்கொண்ட இடமே ஒருவருக்குச் சொந்த வீடாகிப்போன கதையும் உண்டு. ஹாஃப் கார்டை ஒரு காலத்தில் பாதி தோற்ற நிலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கார்டைத் தாண்ட வருபவரின் ஒரு காலை மட்டும் கவ்விக்கொண்டு தொங்குவது, அவ்வளவுதான். ரியோவைச் சேர்ந்த ராபர்ட்டோ கொர்ரேயா, 'கோர்டோ' என்று கூப்பிடுவார்கள், முழங்காலில் அடிபட்டு முழு கார்ட் போட முடியாமல் அந்தப் பாதி நிலையிலேயே தொடர்ந்து பயிற்சி செய்யவேண்டி வந்தது. அங்கேயே கிடந்ததில் அங்கிருந்து ஆளைக் கவிழ்க்கும் வழிகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. இன்று ஹாஃப் கார்ட் இல்லாத வகுப்பே கிடையாது.

முன்னேற்றத்தை டேப் எண்ணிக்கையில் அளக்காதீர்கள். நீங்கள் வளரும்போது அந்த அண்ணனும் சும்மா இருக்க மாட்டார், எண்ணிக்கை வருடக்கணக்கில் மாறாமலே இருக்கலாம். முதல் டேப் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று பாருங்கள். அவர் முதல் தடவை தாண்ட வந்தபோதே தாண்டிவிட்டாரா, இரண்டாவது வழிக்கு மாற வேண்டி வந்ததா? பேசிக்கொண்டே ரோல் செய்கிறவர் எப்போது பேச்சை நிறுத்தினார்? அவர் வாயை மூடிய நாள் உங்களுக்குத் தீபாவளி.

இனி, கடினமான ரோல் எது, முட்டாள்தனமான ரோல் எது என்பதைப் பற்றி. இதை நான் சொந்த விலாவில் கற்றேன். இரண்டாம் வருடம், 95 கிலோ நண்பர் ஒருவர் முழங்காலை என் வயிற்றில் ஊன்றி அழுத்தினார். பூட்டு எதுவும் இல்லை, நெரியும் இல்லை. வெறும் அழுத்தத்துக்கு டேப் செய்வது கேவலம் என்று பல்லைக் கடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆறு வாரம் தும்மக்கூட பயம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, வாய் திறந்து "டேப்" என்று சொல்லாதது நான். எந்தக் காரணத்துக்கும் டேப் செய்யலாம். அழுத்தம், மூச்சுமுட்டல், கால் மாட்டிக்கொண்டது, மனசு சரியில்லை, எல்லாமே காரணம்தான்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாய்களையும் அடைக்கும் நெரி சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும். பெரிதாக வலிக்கக்கூடச் செய்யாது. அதனால் வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருப்பவர்தான் மயங்கி விழுவார். குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக்கும் அப்படித்தான், வலி தெரியும்போது முழங்கால் தசைநார் கிழிந்திருக்கலாம். வெள்ளை பெல்ட் போட்டிகளில் அதற்கு அனுமதியே இல்லை. யாராவது உங்கள்மேல் போட்டால் உடனே டேப் செய்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

டேப் செய்யாத வீரர்களின் கதைகள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 1951-இல் ரியோவில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஹீலியோ கிரேசியின் கையைத் திருகியபோது ஹீலியோ டேப் செய்யவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி நிறுத்தினார். அந்த வைராக்கியத்தைத்தான் பலரும் மெச்சுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. தங்கள் குடும்பத்து வீரனைத் தோற்கடித்த அந்தப் பூட்டுக்குத் தோற்கடித்தவர் பெயரையே வைத்து, தங்கள் பாடத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க வகுப்புகளில் "கிமுரா போடு" என்கிறோமே, அது ஒரு தோல்வியின் பெயர். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் உங்களுக்கு அரங்கம் நிறைய ஜனம் இல்லை, துண்டு வீச அண்ணனும் இல்லை. சீக்கிரம் டேப் செய்யுங்கள், எழுந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். பூட்டை மெதுவாக இறுக்கி, டேப் செய்ய இடம் கொடுத்து, உடனே விடுகிறாரா? அப்படியென்றால் எத்தனை முறை வென்றாலும் அவர் நல்ல ஆள், உங்களுக்கு அதிர்ஷ்டம். வெடுக்கென்று இழுக்கிறாரா, டேப் செய்த பிறகும் ஒரு நொடி பிடித்து வைக்கிறாரா, புதிதாக வந்தவர்களை மட்டும் தேடிப் பிடிக்கிறாரா? அப்படிப்பட்டவரிடம் பாடம் எதுவும் கிடையாது. "இன்னிக்கு வேண்டாம்ணா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, பெல்ட் நிறத்துக்கு அந்த அளவு மரியாதை தேவையில்லை. நல்ல ஆளாகவே இருந்தாலும் ஒரு வகுப்புக்கு இப்படிப்பட்ட ரோல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அதுவும் முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தலை தெளிவாக இருக்கும்போது. களைத்த பிறகு கடைசி ரவுண்டில் மாட்டினால் மிஞ்சுவது அடி மட்டும்தான்.

உங்கள் கேள்வியில் எப்படி டேப் ஆகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆறு முறை என்ற எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. அடுத்த வகுப்பில் அவரோடு ஒரே ஒரு ரோல் செய்துவிட்டு, மேலே சொன்ன கேள்வியைக் கேட்டு, இரண்டு வரி எழுதி இங்கே போடுங்கள். கார்ட் எந்தப் பக்கம் தாண்டப்பட்டது, அப்போது உங்கள் கைகள் எங்கே இருந்தன, இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். அதை வைத்துக்கொண்டு மீதியைப் பேசலாம்.